முதல் டிகாஷன் யாருக்கு?

போன மாதம் அம்மா எங்கள் வீட்டில் பத்து நாள் தங்க வந்திருந்தார். திருமங்கலத்துக்கும் மதுரைக்கும் பெரிய தூரமில்லை. ஆனாலும் ஆடு, மாடு, அக்கம்பக்கத்து விசேஷம் என்று ஏதாவது ஒரு காரணம் சொல்லி வராமலே இருந்துவிடுவார். இந்த முறை கண் பரிசோதனை என்ற பெயரில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷனில் கெட்டியாக ஒரு காபி போட்டு, டபராவில் ஆற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“என்னத்தா, இம்புட்டுக் கசக்குது? பொடிய மாத்திட்டியா?”

பொடியை மாற்றவில்லை. அம்மா நாற்பது வருஷமாக வாங்கும் அதே கலவைதான். பாலும் அதே கறந்த பால்தான். கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. அம்மா முதல் டிகாஷனில் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. அவருக்கு இப்போது 74 வயது.

இளைய வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புரியாமல் போகலாம். பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு வெந்நீர் ஊற்றினால், கீழ்ப் பாத்திரத்தில் முதலில் இறங்குவது கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருக்கும். அது முதல் டிகாஷன். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்குவது இரண்டாவது. எங்கள் வீட்டில் முதலாவது தாத்தாவுக்கும் அப்பாவுக்கும். யாராவது விருந்தாளி வந்தால் அவர்களுக்கும் அதிலிருந்துதான். இரண்டாவது அப்பத்தாவுக்கும் அம்மாவுக்கும், பரீட்சை நேரத்தில் எங்களுக்கும். மாதக் கடைசியில் மூன்றாவது டிகாஷனும் உண்டு. அதைக் குடித்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

யாரும் சட்டம் போட்டு வைத்த முறை இல்லை இது. பொடி விலை அதிகம், குடிக்கிற வாய்கள் அதிகம். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விட்டுக்கொடுத்தவர்கள் எப்போதும் ஒரே ஆட்களாக இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இரண்டாவதில் என்ன இருக்கிறது?

காபிப் பொடியில் வெந்நீர் பட்டதும், எளிதில் கரையக்கூடியவை முதலில் இறங்கிவிடும். வாசனை, லேசான புளிப்பு, காபியின் தித்திப்பு, காஃபீனில் பெரும் பகுதி எல்லாம் முதல் டிகாஷனிலேயே போய்விடும். மெதுவாகக் கரைகிற கசப்பும் கட்டை வாசனையும்தான் கடைசியில் மிஞ்சும். அதனால்தான் இரண்டாம் டிகாஷனில் நிறம் இருக்கும், காபி இருக்காது. அதைச் சரிக்கட்ட பாலையும் சர்க்கரையையும் தூக்கலாகப் போட வேண்டும். அம்மாவின் நாக்கு பழகியது அந்த வெளிர் நிறக் காபிக்குத்தான். நல்ல காபி அவருக்குக் கசந்ததில் ஆச்சரியம் இல்லை.

நம் பக்கத்து மலைக் காபி

காபி என்றால் குடகும் சிக்மகளூரும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மதுரைக்காரர்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை. கீழ்ப்பழனி மலை முழுக்க அராபிகா காபிதான். சில்வர் ஓக் நிழலில், மிளகுக்கொடிக்கும் ஆரஞ்சுக்கும் மலைவாழைக்கும் நடுவே வளர்கிறது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் 1985-இல் தனியாகப் பிரிகிற வரை இந்த மலையும் மதுரை மாவட்டம்தான்.

கோடை மழை ஒன்று பெய்த சில நாட்களில் செடி முழுக்க வெள்ளைப் பூ பூக்கும். மல்லிகைக்கு அக்கா தங்கை மாதிரி ஒரு வாசனை. பூ காயாகி, சிவந்து பழுத்துப் பறிக்க கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்துக் கையால் பறிக்க வேண்டும். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நின்று பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

மலையிலிருந்து இறங்கும் காபியைக் காயவைத்து, தோல் நீக்கி, தரம் பிரிக்கும் ஊர் அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டி. சென்னை தி.நகர் பாண்டி பஜாருக்குப் பெயர் கொடுத்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் இந்த ஊர்க்காரர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே சொத்தில் உரிமை வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். சொத்துரிமை சட்டமாக வந்தேவிட்டது. டிகாஷன் விஷயம் மட்டும் பல வீடுகளில் இன்னும் அடுப்படியைத் தாண்டவில்லை.

காபி நம் வீடுகளுக்கு வந்து ரொம்ப காலமும் ஆகிவிடவில்லை. ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற புத்தகம் 2000-இல் வந்தது. காலையில் நீராகாரம் குடித்த தமிழர்கள் காபிக்கு மாறிய கதையை அதில் படிக்கலாம். ஆரம்பத்தில் இதைக் கெட்ட பழக்கம் என்று திட்டியவர்கள் ஏராளம். திட்டு வாங்கிய பானம்தான் பின்னாளில் மரியாதையின் அளவுகோல் ஆனது. வந்தவருக்குக் காபி கொடுத்தார்களா, எந்தத் தம்ளரில் கொடுத்தார்கள் என்பதை வைத்தே உறவின் ஆழத்தைச் சொல்லிவிடலாம். டீக்கடையில் ஒரு சாராருக்கு மட்டும் தனிக் குவளை வைத்த கொடுமையும் இந்த ஊர்ப் பக்கங்களில் நடந்ததுதான். குடிக்கிற பொருளில் பேதமில்லை. கொடுப்பதில்தான் எல்லா பேதமும்.

பொடி வாங்கும்போது

அரைவைக் கடையில் போய் நின்றால் பலகையில் மூன்று பெயர்கள் இருக்கும். பிளாண்டேஷன் ஏ என்பது கழுவிப் பதப்படுத்திய அராபிகாவின் பெரிய கொட்டை. வாசனைக்கு அது. பீபெரி என்பது தனி ரகம் இல்லை. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை இருக்கும். சிலதில் ஒன்றுதான் உருண்டையாக வளரும். அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும். ரோபஸ்டா கெட்டித்தன்மைக்கும் கடுப்புக்கும். காஃபீனும் அதில் கூடுதல். பிளாண்டேஷனும் பீபெரியும் பாதிக்குப் பாதி என்பது நம்மூரில் நெடுநாள் கணக்கு.

அடுத்தது சிக்கரி. அது காபியே இல்லை, ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துச் சேர்ப்பார்கள். காஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் கொடுக்கும். நூறு கிராமில் 15 அல்லது 20 கிராம் வரை சேர்த்தால் காபிக்கு ஒரு வழுவழுப்பு வரும். அதற்கு மேல் போனால் வேரைத்தான் குடிக்கிறோம். கலவைப் பொடியில் குறைந்தது 51 சதவீதம் காபி இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 49 சதவீதம் சிக்கரி இருந்தாலும் சட்டப்படி சரிதான். பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும், பொடி எழுத்தில். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

2024, 2025-இல் பிரேசிலும் வியட்நாமும் வறட்சியில் அடிபட, உலகம் முழுக்கக் காபி விலை ஏறியது. விலை ஏறும்போதெல்லாம் பாக்கெட்டின் உள்ளே சிக்கரி ஏறுகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

உதிரிப் பொடியில் சந்தேகம் என்றால் ஒரு கண்ணாடி தம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, மேலே அரை ஸ்பூன் பொடியைத் தூவுங்கள். காபி மிதக்கும். சிக்கரி சட்டென்று இறங்கும். இறங்குகிற வழியெல்லாம் பழுப்பாகக் கோடு விழும்.

எப்போதும் நூறு, இருநூறு கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். அரைத்த பொடியின் மணம் ஒன்றிரண்டு வாரத்தில் ஓடிவிடும்.

போடும் முறை

இரண்டு பேருக்கு 20 கிராம் பொடி, 120 மில்லி தண்ணீர். பொடியை மேல் பாத்திரத்தில் போட்டு, தட்டி சமப்படுத்தி, மேலே துளைத் தட்டை லேசாக வையுங்கள். பலம் கொண்டு அழுத்தினால் டிகாஷன் இறங்காது. கொதித்த தண்ணீரை அரை நிமிடம் ஆறவிட்டு, முதலில் பொடி நனைகிற அளவு மட்டும் ஊற்றுங்கள். பொடி உப்பி வரும். அதன் பிறகு மீதியைச் சுற்றிச் சுற்றி ஊற்றி மூடிவிடுங்கள். 15 முதல் 20 நிமிடம் பொறுமை வேண்டும்.

உப்பு ஏறிய போர் தண்ணீரில் எந்தப் பொடியும் எடுபடாது. குடிக்க நன்றாக இருக்கிற தண்ணீர்தான் காபிக்கும்.

பாலில் தண்ணீர் கலக்காமல், பொங்கி வந்ததும் இறக்கி, ஒரு பங்கு டிகாஷனுக்கு மூன்று பங்கு பால். டிகாஷனை ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சூடாக்காதீர்கள். சூடு பாலில் இருந்து வரட்டும். ஃபில்டர் துளை அடைத்துக்கொண்டால் அடித்தட்டை அடுப்புத் தணலில் சிறிது நேரம் காட்டிவிட்டுப் புளி போட்டுத் தேய்த்தால் திறந்துகொள்ளும்.

மற்ற காபிகள்

கருப்பட்டிக் காபி இப்போது நான்கு வழிச் சாலை நெடுக போர்டு வைத்து நிற்கிறது. வீட்டில் போட்டால் பால் திரிகிறது என்பார்கள். கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரியத்தான் செய்யும். தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, டிகாஷனில் கலந்து, கடைசியாகப் பாலைச் சேர்க்க வேண்டும்.

சுக்குக் காபியில் காபியே கிடையாது. சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி அவ்வளவுதான். இரவில் சைக்கிளில் கேன் வைத்து வருபவரிடம் மதுரையில் யாரும் இந்த இலக்கணப் பிழையைக் கேட்டதில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் இப்போது பிரெஞ்ச் பிரஸ் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொடி ரவை மாதிரி கொரகொரப்பாக இருக்க வேண்டும். ஃபில்டர் பொடியைப் போட்டால் அடியில் சகதிதான். நான்கு நிமிடம் ஊறவிட்டு அழுத்தினால் போதும். பால் இல்லாமல் குடிப்பவர்களுக்கு இது நல்ல முறை. தாண்டிக்குடிப் பக்கத்து அராபிகாவைப் பால் சேர்க்காமல் ஒரு முறையாவது குடித்துப் பார்க்கலாம். வெளியில் குடிப்பது என்றால் எனக்குக் கோரிப்பாளையம் விசாலம் காபிதான். நின்றபடியே குடித்துவிட்டு வருகிற சுகம் உட்கார்ந்தால் வராது.

ஒரு எச்சரிக்கை

நம் அம்மாக்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எல்லோரையும் அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு மிஞ்சிய இட்லியோடு ஒரு காபியைக் குடித்து அதையே காலைச் சாப்பாடு ஆக்கிவிடுவார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் காபியோ டீயோ குடித்தால், உணவில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாப்பாட்டுக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கவே கூடாது.

அம்மா கதைக்கு வருகிறேன். முதல் நாளைக்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. பழகிவிட்டார் என்று நினைத்தேன். நான்காம் நாள் சீக்கிரம் எழுந்து அடுப்படிக்குப் போனால், எனக்கு முன்னால் அம்மா அங்கே நிற்கிறார். முதல் டிகாஷனை மருமகனுக்கும் பேரனுக்கும் தனியே எடுத்து மூடி வைத்துவிட்டு, தனக்கு மறு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

“இது உங்க வீடு இல்லம்மா, எங்க வீடு” என்று கொஞ்சம் காட்டமாகவே சொல்லிவிட்டேன்.

“எனக்கு இதான்த்தா ஒத்துக்கிடுது” என்றார்.

கிலோ ஆயிரம் ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு ஆளுக்கு வேண்டிய 10 கிராம் பொடி பத்து ரூபாய். இன்றைக்கு இது காசுக் கணக்கு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் வாதாடுவதை விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து நாலு பேருக்கும் சேர்த்து 40 கிராம் பொடியைப் பெரிய ஃபில்டரில் போட்டேன். அம்மாவுக்கு மட்டும் டிகாஷன் பாதி, பால் கூடுதல். ஆனால் முதல் டிகாஷன். டிகாஷன் இறங்கியதும் சக்கையை எடுத்து ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டேன். மறு தண்ணீர் ஊற்ற அங்கே எதுவும் இல்லை.

அந்தப் பாதியைக் கொஞ்சம் கொஞ்சமாக முக்காலாக்கினேன். ஊருக்குக் கிளம்புகிற அன்று பேரன்தான் காபி போட்டான். முதல் தம்ளரை அப்பாவிடம் நீட்டாமல் அம்மாச்சியிடம் கொடுத்தான். அம்மா வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் மருமகனைப் பார்த்தார். அவர் பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமலே, “குடிங்க அத்தை, எனக்கு வரும்” என்றார்.

முழுதாகக் குடித்துவிட்டு அம்மா சொன்னது: “சீனி கொஞ்சம் பத்தலடா.”

கசக்குது என்று சொல்லவில்லை.