ஊஞ்சல் இல்லாத ஊஞ்சல்

ஒரு பெரிய நகரத்தை ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இரு வகையினர். ஒரு வகையினர் அந்த நகரத்துக்கு ஒருபோதும் போகாதவர்கள். மற்ற வகையினர் அன்று காலையில்தான் அங்கே போய் இறங்கியவர்கள். பாங்காக்கில் இறங்கிய நாங்கள் ஐவரும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள்.

அங்குள்ள விமான நிலையத்துக்குச் 'சுவர்ணபூமி' என்று பெயர். அதைக் கேட்டதுமே எங்கள் கோஷ்டியிலிருந்த தமிழ்ப் பண்டிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "நம் பழைய நூல்களில் வரும் பெயரல்லவா!" என்றார். என் சகதர்மிணியோ பட்டுக்கடை எங்கே இருக்கிறது என்று விசாரித்தாள். என் தமக்கை மகன் கைப்பேசியில் ஓர் அட்டவணை தயாரித்து வைத்திருந்தான். அதன்படி பொழுது சாய்வதற்குள் பதினோரு இடங்களை நாங்கள் பார்த்தாக வேண்டும்!

சாலையில் கார்களும் மூன்று சக்கர வண்டிகளும் நகராமல் நின்றன. ஆகையால், 1999-ஆம் வருஷம் முதல் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும் ரயிலில் ஏறிச் சென்று, பிறகு சாவ் பிரயா நதியில் படகு பிடித்தோம். வாட் போ ஆலயத்தில் புத்தர் பெருமான் 46 மீட்டர் நீளத்துக்குச் சயனித்திருக்கிறார். அவருடைய திருவடிகளில் முத்துச்சிப்பியால் 108 மங்கலச் சின்னங்கள் இழைத்திருக்கிறார்கள். சுவரோரம் வரிசையாக 108 வெண்கலப் பாத்திரங்கள். அவை ஒவ்வொன்றிலும் ஒரு நாணயம் போட்டுவிட்டுத்தான் வருவேன் என்றாள் என் சகதர்மிணி. அட்டவணை அத்துடன் கவிழ்ந்தது. அரண்மனை வாசலை நாங்கள் அடைந்தபோது அன்றைய அனுமதி முடிந்துவிட்டது.

"இன்றைய தினமே வீண், மாமா!" என்று பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

"வீணாகாது, தம்பி. என்னோடு வா" என்று பண்டிதர் முன்னே நடந்தார்.

வெயிலில் வெகுதூரம் நடந்தோம். பரபரப்பான சாலையின் நடுவே செந்நிறம் பூசிய இரண்டு தேக்குமரத் தூண்கள் வானளாவி நின்றன; உச்சியில் ஒரு குறுக்குச் சட்டம். அவ்வளவுதான்.

"இதற்கா இத்தனை நடை?" என்றான் பையன்.

பண்டிதர் சொன்னார்: "இது ஊஞ்சல். முதலாம் ராமர் என்னும் அரசர் 1784-இல் அமைத்தது. திருவிழாவில் இதில் ஏறி, வானுயர ஆடி, கம்பத்தில் கட்டிய காசு மூட்டையைப் பல்லால் கவ்வுவார்கள். 1935-ஆம் வருஷத்தோடு ஆட்டம் நின்றது. பலகையும் போயிற்று. ஆனால் பாட்டு போகவில்லை. அதோ, அந்த வெண்சுவர்க் கோயிலில் மார்கழி, தை மாதங்களை ஒட்டி 'திரியம்பவாய் திரிபவாய்' என்று ஒரு விழா நடக்கிறது. திருவெம்பாவை, திருப்பாவை என்பது காதில் விழுகிறதா? அங்குள்ள பிராமணர்கள் பொருள் அறியாமலே, தந்தையிடம் மகன் கேட்டுப் பழகி, திருவெம்பாவையை இன்றும் ஓதி வருகிறார்கள்."

எங்களுக்கெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. "என்ன இருந்தாலும் தமிழ் தமிழ்தான்!" என்று நான் பெருமையோடு சொல்லி வைத்தேன்.

பண்டிதர் என் பக்கம் திரும்பினார். "எங்கே, நீர் ஒரு பாட்டுச் சொல்லும், பார்க்கலாம்."

சிறு வயதில் மார்கழி விடியலில், வெண்பொங்கலை உத்தேசித்து நாள்தோறும் கோயிலுக்குப் போய்ப் பாடியவன் நான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி பாதியில் நின்றது. சகதர்மிணியைப் பார்த்தேன், அவள் தூண்களைப் பார்த்தாள். பையனோ முதல் அடியையும் அன்றுதான் கேட்டான்.

வண்டிகளின் இரைச்சலுக்கிடையே பண்டிதர் மெல்லிய குரலில் அந்தப் பாட்டை முடித்தார். பொருள் தெரியாமல் பாட்டைக் காப்பாற்றியவர்கள் வெண்சுவருக்கு அப்பால் இருந்தார்கள். பொருள் தெரிந்தும் தொலைத்தவன் இப்பால் நின்றேன்.

இரவு விடுதியில் பையன் தன் அட்டவணையைச் சரிபார்த்தான். பதினொன்றில் பார்த்தது ஒன்றே ஒன்று. மற்றதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, "ஐயா, அந்த இரண்டாவது அடி என்ன?" என்று கேட்டான்.

நானும் என் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.