அருவிநீர் பொது; கணக்கும் பொதுவாகுக!

ஆனித் திங்களில் தென்மேற்குச் சாரல் வீழத் தொடங்கிற்றெனில், குற்றாலத்துத் தெருக்கள் வெளியூர் மக்களால் நிறையும். கடைக் குத்தகையும் ஊர்தி நிறுத்தக் கட்டணமும் உள்ளாட்சியின் பெட்டிக்குச் செல்லும். குப்பையும் சாய்கடையும் நெரிசலும் ஊர்மக்களின் வாயிலுக்கு வந்து சேரும். வந்த பணம் எவ்வளவு, அஃது எவ்வழிச் சென்றது, வரும் ஆண்டில் எதற்குச் செலவிடுதல் வேண்டும் என்று கேட்கும் உரிமை அம் மக்களுக்கு உண்டா?

விடை, எல்லைக் கல்லைப் பொறுத்தது! பேரருவி குற்றாலம் பேரூராட்சியைச் சேர்ந்தது. பழைய குற்றால அருவியோ ஆயிரப்பேரி ஊராட்சி எல்லையுள் உள்ளது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டத்துக்கு இசைவு தருதலும் தணிக்கை அறிக்கையை ஆராய்தலும் வாக்காளர் அனைவரும் கூடும் ஊரவையின் பணிகளாம். பேரூராட்சியிலோ மன்ற உறுப்பினர் இசைந்தால் போதும். ஒரே மலை, ஒரே சாரல், ஆயினும் ஒருவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை, அடுத்தவனுக்குக் கை கட்டி நிற்கும் நிலை. இஃது என்ன முறை?

ஊரவை உள்ள இடத்திலும் உரிமை பெரும்பாலும் ஏட்டளவில்தான் உள்ளது. சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 என்னும் நான்கு நாள்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகியனவும் ஊரவை நாள்களாயின. நாள்கள் பெருகின, வினாக்கள் பெருகவில்லை. எழுதி வைத்த முடிவுகளைப் படிப்பதும் கையொப்பம் வாங்குவதுமாகவே பல ஊர்களில் கூட்டம் கலைகின்றது.

நகர்ப்புறங்களுக்கென 2022 நவம்பர் 1 அன்று பகுதி அவைகள் தொடங்கப்பெற்றன. 1956இல் அதே நாளில்தான் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. மண்ணை மீட்ட நாளில் மக்களுக்கு அவை கிடைத்தது நன்றே. ஆனால், குறைகளைச் சொல்லிவிட்டு வீடு திரும்புவதற்கு மட்டுமே ஓர் அவை எனில், அது மனு வாங்கும் திண்ணையன்றி வேறென்ன?

ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் கேரள மக்கள் செய்தது யாது? 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்கினர். பின்னரே மக்களைக் கூட்டித் தேவைகளைக் கேட்டனர். பிரேசில் நாட்டுப் போர்த்தோ அலெக்ரே நகரில் 1989 முதல் ஆண்டுதோறும் மக்களே கூடி, எத்தெருவுக்குச் சாய்கடை, எப்பகுதிக்குக் குடிநீர் என வரிசைப்படுத்தினர். பணத்தை மறைத்து வைத்துக்கொண்டு கருத்தை மட்டும் கேட்பது ஏமாற்று என்பதே இவ்விரண்டும் உணர்த்தும் பாடம்.

இவை வேற்றுநாட்டுப் புதுமைகள் என ஒதுக்குவார்க்கு நெல்லை – சங்கரன்கோவில் சாலையிலுள்ள மானூர்க் கல்வெட்டு விடை கூறும். ஏறத்தாழக் கி.பி. 800ஐச் சேர்ந்த அப் பாண்டியர் காலக் கல்வெட்டு, அவை நடத்தும் நெறிகளைக் கூறுகின்றது. எதற்கெடுத்தாலும் மறுத்து முட்டுக்கட்டை போடுவார்க்கு 5 காசு தண்டம் விதிக்கின்றது. ஆயினும் வெறும் பழம்பெருமை பேசுதல் தகாது. நிலமும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அவ்வவையில் இடம் இருந்தது. உழுதவனுக்கும் பெண்டிர்க்கும் இல்லை. முன்னோரிடம் கொள்ள வேண்டியது அவையின் ஒழுங்கை. தள்ள வேண்டியது அதன் வேலியை.

பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் 17 அகவைச் சிறுவன் ஒருவனின் உயிரைக் கொண்டது. மலைமேல் மழை எப்படித் திரளும், அருவி எப்போது நிறம் மாறும் என்பதை நன்கறிந்தவர் அங்கேயே வாழும் மக்களே. பாதுகாப்புக்கு எவ்வளவு, அழகு வளைவுக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும் இடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லாமை உயிரோடு விளையாடுவதாகும்.

மொழியும் ஒரு வேலியே. 1956இலேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. எனினும் 'எசுடிமேட்டு', 'தெண்டர்', 'பில்லு' என்னும் சொற்களின் பின்னே கணக்கு ஒளிந்துகொள்கின்றது. மதிப்பீடு, ஒப்பப்புள்ளி, பட்டியல் என்று எழுதினால் இலஞ்சி உழவனும் மேலகரம் நெசவாளியும் அறிவர், அறிந்தால் கேட்பர். அதனாற்றான் சிலர் தமிழை அஞ்சுகின்றனர்!

எனவே செய்யத்தக்கன மூன்று. ஏப்பிரலில் கணக்காண்டு தொடங்குமுன், மார்ச்சு 22 ஊரவையில் வரவுசெலவுத் திட்டத்தை வரிவரியாகப் படித்தல் வேண்டும். ஊரவைக்குள்ள இசைவுரிமையைத் தென்காசி, குற்றாலம் போன்ற நகர்ப்புற மக்களுக்கும் சட்டத்தால் வழங்குதல் வேண்டும். சாரற்காலத்து வருவாயும் செலவும் நல்ல தமிழில் எழுதி அருவிக்கரையிலேயே பலகையில் வைக்கப்பெறல் வேண்டும்.

அரசு தரட்டும் என்று காத்திருத்தல் அடிமை மனம். அடுத்த அவைக்குத் தெருவுக்குப் பத்துப் பேர் சென்று கணக்கைக் கேட்பின், இவை மூன்றும் தாமே வந்து சேரும்.