படை குறைந்தால் கடைக்கு என்ன?

ஒரு நாட்டின் கஜானா வற்றும்போது, தூரதேசத்தில் நிறுத்தியிருக்கும் படைக்கு ஆகும் செலவுதான் முதலில் கண்ணில் படும். "அது அரசாங்கங்களின் கணக்கு, ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கடை வைத்திருக்கும் எமக்கென்ன?" என்று வர்த்தக சகோதரர்கள் கேட்கலாம். அந்தக் கணக்கு நமது கல்லாப்பெட்டி வரை வந்த வரலாறு உண்டு.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். ஆயிரக்கணக்கானோர் அங்கு பணிபுரிந்தனர். போர் முடிந்ததும் 1945இல் தலைமையகம் சிங்கப்பூருக்குப் போனது. வந்த வேகத்திலேயே பெரிய வாடிக்கையாளர் போய்விட்டார்.

1957இல் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் டங்கன் சாண்டிஸ், செலவைக் குறைக்க, 690,000 பேராக இருந்த படையை 1962க்குள் 375,000 ஆக்கும் திட்டத்தை முன்வைத்தார். அதே ஆண்டில், பண்டாரநாயக்க அரசின் கோரிக்கைப்படி திருகோணமலை, கட்டுநாயக்கா தளங்கள் நம்மிடம் கையளிக்கப்பட்டன.

பெரிய அடி 1967 நவம்பரில் வந்தது. பிரித்தானியா பவுணின் பெறுமதியை 2.80 டொலரிலிருந்து 2.40க்கு இறக்கியது. தேயிலைக்குப் பிரித்தானியச் சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த இலங்கையும் அதே மாதம் ரூபாவை 20 வீதம் இறக்கியது. இறக்குமதிப் பொருள்களின் அடக்க விலை ஏறியது. இரண்டு மாதம் கழித்து, சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடாப் படைகளை 1971 முடிவுக்குள் திருப்பியழைப்பதாகப் பிரதமர் வில்சன் அறிவித்தார். சிங்கப்பூர்ப் படைவீரருக்கும் ஹட்டன் கடைக்காரருக்கும் ஒரே நெருக்கடிதான் பில் எழுதியது.

சிங்கப்பூரின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்தது. அவர்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. தளங்களைப் பொருளாதாரப் பயனுக்கு மாற்றவென்றே ஹோன் சுய் சென் தலைமையில் தனித் திணைக்களம் அமைத்தார்கள். செம்பவாங் கடற்படைப் பட்டறை கப்பல் பழுதுபார்க்கும் வர்த்தக நிறுவனமானது. போகும் தேதி முன்கூட்டியே தெரிந்ததால் மாற்று வழி செய்ய அவகாசம் கிடைத்தது.

இப்போது நமது வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2022 நெருக்கடிக்குப் பின், 2023 ஜனவரியில் இராஜாங்க பாதுகாப்பு அமைச்சராக இருந்த பிரமித பண்டார தென்னகோன், 200,783 ஆக இருந்த இராணுவ ஆளணியை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதாக அறிவித்தார். இது வெளிநாட்டிலுள்ள படையல்ல, நம் ஊர்ப் பிள்ளைகள். ஆனாலும் வணிகரின் கேள்வி ஒன்றேதான்.

கடனில் தவிக்கும் நாடு இவ்வளவு பெரிய படையைச் சுமக்க முடியாது என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வலப்பனையிலோ ஹங்குரன்கெத்தயிலோ படைச் சம்பளத்தில் வாழும் குடும்பம், மாத முடிவில் கடன் கொப்பியைத் தவறாமல் அடைக்கும் குடும்பம். முகாமுக்கு மரக்கறி விநியோகிக்கும் கொந்தராத்துக்காரருக்கு முகாம்தான் சந்தை. மொத்த எண்ணிக்கை மட்டும் தெரிந்தால் இவர்களுக்குப் போதாது.

எந்த மாவட்டத்தில், எந்த ஆண்டில், எத்தனை பேர் விலகுவர்? எந்த முகாம் மூடப்படும்? காலியாகும் காணியும் கட்டடமும் எதற்குப் பயன்படும்? இவற்றை அரசு முன்கூட்டியே வெளியிட வேண்டும். மலையக வர்த்தக சங்கங்கள் ஒன்றுசேர்ந்து இதை எழுத்தில் கேட்க வேண்டும்.

நாமும் சும்மா இருக்கலாகாது. வியாபாரத்தில் பாதி ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமானால், அவர் முகாமானாலும் தோட்டமானாலும், இன்றே இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடுங்கள். விலகி வரும் வீரர்களில் சாரதி உண்டு, மின்சாரம் தெரிந்தவர் உண்டு, கணக்கு எழுதுபவர் உண்டு. அவர்களுக்கு வேலை கொடுத்தால், வாடிக்கையாளரை இழக்கும் ஊர் ஒரு தொழிலாளியைப் பெறும்.