பிள்ளையை முதலில் பேச விடுங்கள்



சொறிக்கல்முனையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். கல்விக் கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பை முடித்துவிட்டு, இப்போது ஒரு பாடசாலையில் உள்ளகப் பயிற்சியில் இருக்கிறாராம். நியமனம் கிடைத்ததும் நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கப் போகிறவர். நீண்ட கடிதம். மாரியில் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்கும் பாட்டைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருக்கிறார். மீதியெல்லாம் ஒரே கவலை.

"கேள்வி கேட்டால் வகுப்பே தலையைக் குனிந்துகொள்கிறது. கொப்பியில் முத்துமுத்தாக எழுதுகிறார்கள், வாய் மட்டும் திறக்கிறார்கள் இல்லை. பிழை என்னிடமா, பிள்ளைகளிடமா?"

அவருக்குத் தனியாகப் பதில் போட்டிருக்கலாம். ஆனால் இது அவருடைய வகுப்பறையோடு முடிகிற விஷயம் இல்லை. நம் எல்லோருடைய வீட்டுக்குள்ளும் இருக்கிறது.

நம் மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டத்தை உருவாக்கினார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர் தமிழ் பேசுகிறவர்கள். கச்சேரி இருப்பதோ சிங்களம் பேசும் அம்பாறை நகரத்தில். காணிப் பிரச்சினை என்றாலும் பென்ஷன் பிரச்சினை என்றாலும் கரையோரத்துச் சனம் பஸ் ஏறி அங்கேதான் போக வேண்டும். கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தால் எத்தனை வீட்டில் அது இரண்டு நாள் அலுமாரிக்கு மேல் கிடக்கிறது? மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி வார்டில், பிள்ளைக்கு என்ன மருந்து ஏற்றுகிறார்கள் என்று தாதியிடம் கேட்கத் தெரியாமல் நிற்கும் உம்மாவுக்கு யார் பேசிக் கொடுப்பது?

"சட்டம் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலையிலிருந்து அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றுநிருபமே உண்டு. தமிழில் பதில் கேட்பது நம் உரிமை. அதைக் கேட்டே ஆக வேண்டும், யாரும் வெட்கப்படத் தேவையில்லை. ஆனால் கவுண்டரில் நிற்கிற நேரம் சட்டம் நம் பக்கத்தில் வந்து நிற்பதில்லையே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தோடு வேலையையும் பதவி உயர்வையும் இழந்தவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். சிங்களம் என்றாலே "எங்கள் மேல் சுமத்தியது" என்று முகம் சுளித்த தாத்தாமாரைப் பார்த்துத்தான் நம்மில் பலர் வளர்ந்தோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப் பையில் வைத்து அனுப்புவதில் எந்த நியாயமும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் நல்ல சிங்களம் பேசுகிறவர் யார்? பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்காதவராகத்தான் இருப்பார். மருதமுனைக் கைத்தறிச் சாரனையும் சாரியையும் சுமந்துகொண்டு அம்பாறை, மொனராகலை என்று வீடு வீடாகப் போன வியாபாரி நானா. மீன் லொறியில் கொழும்புக்குப் போய்வருகிற பொடியன். வயலுக்கு உழவு மெஷின் பிடிக்கப் போன விவசாயி. அவர்களில் பலருக்குச் சிங்களத்தில் பேர் எழுத வராது. ஆனால் விலை பேசுவார்கள், பகிடி விடுவார்கள், சண்டை வந்தால் சமாதானமும் பண்ணுவார்கள். அதே வீட்டில் சாதாரண தரத்தில் சிங்களத்தைத் தெரிவுப் பாடமாக எடுத்து 'ஏ' வாங்கிய மகள், அம்பாறை பஸ் ஸ்டாண்டில் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வாப்பாவைத் தேடுகிறாள்.

நானாவுக்கு எப்படி வந்தது? சரக்கு விற்றாக வேண்டும் என்ற தேவை ஒன்று. இன்னொன்றை நாம் கவனிப்பதில்லை. அவர் பிழையாகப் பேசினபோது அந்த வீட்டுச் சிங்களப் பெண்மணி சிரித்திருப்பார், திருத்தியிருப்பார், பிறகு சாரனையும் வாங்கியிருப்பார். அவருடைய பிழைக்கு யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. நம் வகுப்பறையிலோ ஒரு பிள்ளை ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் நாற்பது பேர் சிரிக்கிறார்கள். அடுத்த நாள் அந்தப் பிள்ளை ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

அதனால் தங்கைக்கு நான் சொல்வது: பிழை உங்களிடமும் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. புது மொழியைக் கேட்கிற பிள்ளை கொஞ்ச காலம் பேசாமல்தான் இருக்கும். மொழி ஆசிரியர்கள் பல நாடுகளிலும் பார்த்திருக்கிற விஷயம் இது. அந்த நேரம் பிள்ளை சும்மா இருப்பதில்லை, காது வேலை செய்கிறது. "எழுந்து நின்று சொல்" என்று வற்புறுத்தாமல், படத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யச் சொல்லுங்கள், இருவர் இருவராகப் பேச விடுங்கள். சிரிக்கிற வகுப்பை முதலில் அடக்குங்கள், இலக்கணம் பிறகு வரட்டும்.

தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்தவும் வேண்டாம். "சிங்களப் பாடவேளையில் தமிழ் பேசக்கூடாது" என்று சட்டம் போடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் பிள்ளைக்குச் சிங்களத்தில் இருக்கிற மிகப் பெரிய உதவியே தமிழ்தான். 'மம கடேட யனவா' என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நான் கடைக்குப் போகிறேன்'. வாக்கியத்தின் வரிசை ஒன்றே. ஆங்கிலத்தில் பிள்ளை தலைகீழாகப் புரட்ட வேண்டியதை இங்கே புரட்ட வேண்டியதில்லை. பேச்சுச் சிங்களத்தில் நான், நீ, அவன் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுவதும் கிடையாது. 'யனவா' எல்லோருக்கும் 'யனவா'தான். இதை முதல் வாரத்திலேயே காட்டினால் பாதிப் பயம் போய்விடும். எழுத்துச் சிங்களம் வேறு மாதிரி என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம். வீட்டில் ஒரு தமிழும் புத்தகத்தில் ஒரு தமிழுமாக வளர்கிற நம் பிள்ளைக்கு அது புதினம் இல்லை.

கஷ்டம் வருகிற இடமும் உண்டு. தமிழில் 'ப' ஒன்றுதான். சிங்களத்தில் 'பல்'லின் ஓசைக்கு ஒரு எழுத்து, 'பஸ்'ஸின் ஓசைக்கு வேறு எழுத்து. க, த, ட எல்லாவற்றிலும் இப்படித்தான். பிள்ளை இரண்டையும் மாற்றிப் போடுவது கவனக்குறைவு இல்லை. தமிழ் பழகிய காது அப்படித்தான் கேட்கும். அதற்கு மார்க் வெட்டாதீர்கள், காதுக்குப் பயிற்சி கொடுங்கள்.

"சின்னத் தலையில் எத்தனை எழுத்தைத் திணிப்பது?" என்று பெற்றோர் கேட்பார்கள். கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள் பலர் குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக ஓதப் பழகிவிட்டுத்தான் ஆறாம் வகுப்புக்கே வருகிறார்கள். தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, அரபு எழுத்து மூன்றும் கையில் இருக்கிற பிள்ளைக்கு நாலாவது எழுத்து பாரம் என்று நாமே முடிவு கட்டலாமா? பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், ஆங்கிலத்திலும் வடமொழியிலும் புலமையுள்ளவர். தமிழ் அவருக்குக் குறைந்துபோகவில்லை.

பொறுமை மட்டும் வேண்டும். கனடாவில் குடியேறிய பிள்ளைகளின் கல்வியை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர், புது மொழியில் விளையாட்டுத் திடல் பேச்சு ஓரிரு வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக மொழி வர ஐந்து முதல் ஏழு வருடம் பிடிக்கும் என்று காட்டினார். அந்தப் பிள்ளைகளுக்குத் தெருவெல்லாம் ஆங்கிலம். நம் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை வாரத்தில் சில பாடவேளைகள்தான் சிங்களம், அதிலும் ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் உண்டு. ஒரு தவணையில் பேச வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டு, "இவனுக்கு மொழி வராது" என்று தீர்ப்பு எழுதுவது கொடுமை. இதையேதான் அம்பாறையில் தமிழ் படிக்கிற சிங்களப் பிள்ளைக்கும் சொல்வேன். நம் கடைக்கு வந்து தட்டுத்தடுமாறித் தமிழில் பேசுகிற சிங்கள இளைஞனைப் பார்த்து நாம் சிரிக்கிறோமா, இல்லையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. "சிங்களத்துக்கு எத்தனை மார்க்?" என்பதை விட்டுவிட்டு, "இன்றைக்கு என்ன பேசினாய்?" என்று கேளுங்கள். அம்பாறைக்குப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போங்கள். டிக்கட்டை அவள் கேட்கட்டும். பிழையாகக் கேட்டாலும் பஸ்காரர் டிக்கட் தருவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சிங்களம் சரளமாகப் பேசுகிற வியாபாரி நானாவோ, லொறி ஓட்டுகிற அண்ணனோ உங்கள் வீட்டில் இருந்தால், பக்கத்துப் பாடசாலை அதிபரைப் போய்ச் சந்திக்கச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு பாடவேளை, ஆசிரியர் பக்கத்தில் இருக்க, பிள்ளைகளோடு விலை பேசி விளையாடட்டும். அதிபர்களே, "இவருக்கு என்ன தகைமை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சொறிக்கல்முனைத் தங்கை போன்ற புது ஆசிரியர்கள் உங்கள் பாடசாலைக்கு வரும்போது, சத்தம் போடுகிற வகுப்பு வைத்திருக்கிறார் என்று அவர்களைக் கண்டிக்கவும் வேண்டாம். மொழி படிக்கிற வகுப்பில் சத்தம் கேட்கத்தான் வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்