மீனுக்கு முன் தண்ணீர்

மலாக்கா விமான நிலையம் அமைந்துள்ள ஊர் பத்து பெரண்டாம். நீரில் ஊறிக் கிடக்கும் கல் என்பது அப்பெயரின் பொருள். கல் எந்த நீரிலும் எத்தனை நாளும் கிடக்கும். மீனின் நிலை வேறு. அது உண்பதும் கழிப்பதும் மூச்சுவிடுவதும் ஒரே நீரில்தான். இதை மறந்து, ஒரே மாலையில் தொட்டியையும் மீனையும் வாங்கி வந்து வரவேற்பறையில் வைப்பவர் நம்மிடையே பலர். சில நாள்களில் மீன்கள் ஒவ்வொன்றாக இறந்து மிதக்கின்றன. "நம் வீட்டுக்கு மீன் ராசியில்லை" என்று சொல்லித் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். இதில் ராசிக்கு வேலையில்லை, அவசரமே காரணம். மீன் வளர்க்க விரும்புபவர் முதல் ஒரு மாதம் மீனே வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

இதற்கு அறிவியல் காரணம் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது சிறிதளவு சேர்ந்தாலும் மீனின் செவுள்களைப் புண்ணாக்கும். ஒரு வகைப் பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் மீனுக்கு நஞ்சே. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. நீர்த்தாவரங்கள் அதை உரமாக எடுத்துக்கொள்ளும். இந்தப் பாக்டீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக்கற்களிலும் குடியேறிப் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதிய தொட்டியின் நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கலாம். ஆனால், அங்குக் கழிவை அகற்றும் உயிர்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சிறிய தொட்டி என்றால் பராமரிப்பதும் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. 5 லிட்டர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை உணவு அதிகமானாலே நீர் கெட்டுவிடும். 60 செண்டிமீட்டர் நீளமும் 30 செண்டிமீட்டர் அகலமும் உயரமும் கொண்ட தொட்டி 54 லிட்டர் நீரைக் கொள்ளும். தொடங்குபவர்க்கு இவ்வளவாவது வேண்டும். நீர் மட்டுமே 54 கிலோகிராம் எடை இருப்பதால் உறுதியான மேசை தேவை. வெயில் நேரடியாகப் படும் இடத்தில் வைத்தால் பாசி படரும். குளிர்நாட்டு நூல்கள் வெப்பமூட்டி வாங்கச் சொல்லும். நம் நாட்டு வெப்பத்திற்கு அது வீண்செலவு. அந்தப் பணத்தில் நல்ல வடிகட்டியும் நீரைச் சோதிக்கும் கருவியும் வாங்கலாம்.

குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. அது மீனையும் நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் தாக்கும். எனவே, குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே தொட்டியில் நீரை ஊற்ற வேண்டும். பின்னர், வடிகட்டியை இயக்கி, தாவரங்களை நட்டு, நாள்தோறும் மிகச் சிறிதளவு மீனுணவைத் தூவி வரலாம். அது அழுகி அமோனியாவாக மாறிப் பாக்டீரியாவுக்கு இரையாகும். அமோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இறங்கிச் சுழியத்தைத் தொடும்போதுதான் தொட்டி மீனுக்குத் தயாராகிறது.

மீனில்லாத நீரில் ஏடிஸ் கொசு பெருகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொசுவை இனப்பெருக்கம் செய்யவிடுவது 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். கொசு தேங்கிய நீரையே நாடும். வடிகட்டி நீரின் மேற்பரப்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தொட்டியை நுண்வலையால் மூடவும் வேண்டும். இவ்விரண்டையும் செய்தால் அச்சம் வேண்டா. ஒரு மாதம் காத்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விடும் என்பாரும் உளர். அளவுகளை அவர்களையே எழுதி வரைபடமாக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் வேலை அவர்கள் கையாலேயே தாளில் தெரியும்.

இனி, எந்த மீன்? கடையில் விரலளவே இருக்கும் தங்கமீன் 20 செண்டிமீட்டருக்கு மேலும் வளரும். சிறிய தொட்டி அதற்குச் சிறையாகும். சண்டை மீனில் ஆண் ஒன்றுக்கு மேல் கூடாது. கப்பி மீன் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குட்டிபோடும். ஆண் மீன்களை மட்டும் வாங்குவது நல்லது. என் தேர்வு ரஸ்போரா. செம்பு நிற உடலில் கரிய முக்கோணத் திட்டு கொண்ட ஒரு ரஸ்போரா வகை, நம் தீபகற்பத்தின் காட்டோடைகளிலும் இயற்கையாக வாழ்வது. அது கூட்டமாக வாழும் மீன். முதலில் நான்கு, இரண்டு வாரம் கழித்து மேலும் நான்கு எனச் சேர்த்தால் பாக்டீரியாவும் ஈடுகொடுக்கும். இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவே உணவிட வேண்டும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

சலிப்பு ஏற்பட்டதும் மீனை ஆற்றில் விடுவதைச் சிலர் புண்ணியம் என்று கருதுகின்றனர். அது ஆற்றுக்குச் செய்யும் தீங்கு. பாசியைத் தின்னும் என்று வாங்கப்பட்ட 'ஈக்கான் பண்டாராயா' தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. தொட்டியில் அடங்காமல் வளர்ந்ததும் அதைப் பலர் ஆற்றில் விட்டனர். இன்று அது சிலாங்கூர் ஆறுகள் உட்பட நம் ஆறுகள் பலவற்றில் பெருகிவிட்டது. முட்டையிட அது கரையில் குழி தோண்டுவதால் கரையும் சரிகிறது. நம் மீன்களுக்கு இரையும் இடமும் குறைகின்றன. வேண்டாத மீனைக் கடைக்கோ வளர்க்கத் தெரிந்த நண்பருக்கோ கொடுப்பதே முறை.

ஆகவே, மாணவர்களே, வீட்டில் மீன்தொட்டி வாங்கும் பேச்சு எழுந்தால் எந்த மீன் என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். தொட்டியை வைத்து, நீரை நிரப்பி, அளவெடுக்கத் தொடங்குங்கள். மீன்கடை ஒரு மாதம் கழித்தும் அங்கேதான் இருக்கும்.