மௌஷியின் பேட்ஜில் என்ன எழுதியிருக்கிறது?

பம்பாயின் செம்பூரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அணு என்பது அண்டை வீட்டுக்காரருடைய உத்தியோகமாகப் பழகிப்போன ஒரு சொல். செட்டா நகர் முருகன் கோயிலில் கிருத்திகையன்று நமக்குப் பக்கத்தில் கண்மூடி நின்று தொழுகிறவர் டிராம்பேயில் உலைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார்; டைமண்ட் கார்டனில் காலை நடைக்கு வரும் கூட்டத்தில் ஐசோடோப்பைப் பற்றிப் பேசுகிறவர் ஒருவராவது அகப்படுவார். 1954-இல் டிராம்பே மலையடிவாரத்தில் அணுசக்தி ஸ்தாபனம் தோன்றி, 1956 ஆகஸ்டில் அப்சரா என்னும் உலை அங்கே இயங்கத் தொடங்கி, 1967-இல் அந்த ஸ்தாபனம் ஹோமி பாபாவின் பெயரைத் தாங்கியது. 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைமையகமும் எங்கள் பக்கத்து அணுசக்தி நகரில்தான் இருக்கிறது. கன்னியாகுமரியில் ஒரு சிறு கிளினிக்கில் எக்ஸ்ரே யந்திரம் ஒன்றை மாட்டுவதானாலும் அந்த வாரியத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டே மாட்ட வேண்டும். விதி பிறக்கிற இடத்துக்கு இவ்வளவு சமீபத்தில் இருந்துகொண்டு, முப்பது ஆண்டுகளாக ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பௌதிக நிபுணனாகவும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாகவும் வேலை பார்த்த பிறகு, என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இங்கே எழுதத் துணிகிறேன்.

மருத்துவப் பௌதிக நிபுணர் என்றால் யார் என்று கேட்பவர்களே அநேகர். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் கோபால்ட் யந்திரமோ லினாக் யந்திரமோ இன்று காலை எவ்வளவு கதிரை வெளியிடுகிறது என்று அளந்து பார்ப்பதும், டாக்டர் குறித்துக் கொடுத்த அளவு கட்டியின்மீது விழுந்து அதற்கு அடுத்திருக்கும் முதுகுத்தண்டின்மீது விழாதபடி கணக்கிட்டுக் கொடுப்பதும், அந்த அறையின் சுவர் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்று கட்டடம் எழும்புவதற்கு முன்பே சொல்வதும் அவருடைய வேலை. நம் நாட்டில் இந்தத் தொழிலுக்குக் கௌரவமான பூர்வீகம் உண்டு. பாரிஸில் மேரி கியூரியிடம் பயின்று வந்த டாக்டர் ராமையா நாயுடுவை எங்கள் தொழிலின் முன்னோடியாக நாங்கள் போற்றுகிறோம். 1941-இல் பரேலில் திறக்கப்பட்ட டாட்டா நினைவு ஆஸ்பத்திரி 1962-இல் அணுசக்தித் துறையின் கீழ் வந்தது. அதே 1962-இல் டிராம்பேயில் எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர்களுக்கென்று ஓராண்டுப் பயிற்சி தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் இன்று நாடெங்கும் இருக்கிறார்கள்.

இந்தப் பெரிய உத்தியோகத்தின் ஒரு சிறிய மூலையைப் பற்றியே எனக்குச் சொல்ல இருக்கிறது. கதிர்வீச்சு இருக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்கள் மார்பில் ஒரு சிறு பெட்டியை மாட்டிக்கொண்டு நடப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். டி.எல்.டி. பேட்ஜ் என்று அதைச் சொல்வோம். முன்பெல்லாம் புகைப்பட பிலிம் வைத்த பேட்ஜ் இருந்தது. 1975 முதல் இது வந்தது. உள்ளே ஓர் அலுமினியத் தகட்டில் மூன்று சிறு வில்லைகள் பதிந்திருக்கும். கால்சியம் சல்பேட்டில் துளி டிஸ்ப்ரோசியம் சேர்த்து டெப்லானோடு கலந்து செய்தவை. கதிர் பட்டால் அதன் சக்தியில் ஓர் அம்சத்தை அந்த வில்லை தன்னுள் அடக்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதங் கழித்துப் பரிசோதனைச் சாலையில் அதைச் சூடேற்றினால், அடக்கி வைத்ததை ஒளியாக வெளிவிடும். எவ்வளவு ஒளியோ அவ்வளவு கதிர். மூன்று வில்லைகளில் ஒன்று உலோகத் தடுப்பின் கீழும், ஒன்று பிளாஸ்டிக்கின் கீழும், ஒன்று திறந்தும் இருப்பதால், பட்ட கதிர் எந்த ஜாதியது என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அணிந்தவருடைய தேகம் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை அவருக்காகச் சொல்லும் சாட்சி அது. இவ்வளவு நுட்பமான சாட்சியம் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் என் கேள்வி.

காலாண்டுக்கு ஒரு முறை அறிக்கை வரும். பெயர், எண், அளவு என்று வரிசையாக அச்சிட்ட தாள்கள். பாதுகாப்பு அதிகாரி அதைப் பார்ப்பார். வரம்பை யாரும் மீறவில்லை என்றால் ஒப்பமிட்டுக் கோப்பில் வைப்பார். வாரியத்திலிருந்து பரிசோதகர் வரும்போது கோப்பு எடுத்துக் காட்டப்படும். நானும் பல ஆண்டுகள் இப்படியே செய்தேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியவர் ஒரு மௌஷி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பம்பாய் ஆஸ்பத்திரிகளில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் ஆளை மாமா என்றும், ஆயாவை மௌஷி என்றும் அழைப்பது வழக்கம். மராத்தியில் மௌஷி என்றால் சித்தி. நோயாளியின் மலஜலம் எடுப்பவரையும் உறவு சொல்லி அழைக்கிற அந்த வழக்கத்தை இந்த நகரத்தின் நற்குணங்களுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன். நான் சொல்லும் மௌஷி தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்மணி. எக்ஸ்ரே பிரிவில் பதினோரு வருஷமாக வேலை. ஒரு நாள் பழைய பேட்ஜுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது தம்முடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

“சார், இதுல என்ன எழுதியிருக்கும்? பதினோரு வருஷமா மாட்டிக்கிட்டு இருக்கேன். ஒருத்தரும் சொன்னதில்லையே.”

எனக்குப் பதில் வரவில்லை. பதினோரு வருஷத்துக்கு நாற்பத்து நான்கு அறிக்கைகள். அத்தனையும் என் அலமாரியில் கிரமமாக அடுக்கப்பட்டிருந்தன. எவருடைய தேகத்தைப் பற்றி அவை பேசினவோ அவருக்கு ஒன்றுகூடத் தெரியாது. அன்று மாலை கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு அவரை உட்கார வைத்துச் சொன்னேன். சென்ற காலாண்டில் அவருடைய பேட்ஜ் காட்டியது 0.15 மில்லிசீவர்ட். அந்த எண்ணை மட்டும் சொன்னால் யாருக்கு என்ன புரியும்? மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் உலகத்து மனிதர் ஒவ்வொருவர்மீதும் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் தானாகவே படுகிறது என்றும், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அந்தப் பக்கத்தாருக்கு அது இன்னும் அதிகம் என்றும், கதிர்வீச்சில் வேலை செய்கிறவர்களுக்குச் சட்டம் வகுத்த எல்லை ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்கு மேல் போகக் கூடாது என்றும் எடுத்துச் சொன்னேன். மணவாளக்குறிச்சி என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அங்கே அவருடைய நாத்தனாரைக் கட்டிக் கொடுத்திருந்தார்களாம். பிறகு அவர் கேட்ட கேள்வி என் படிப்பை எல்லாம் தாண்டியது. “அப்போ அந்தப் பதினஞ்சு எதுனால வந்துச்சு சார்?”

அது எதனால் வந்தது என்று தேடிப் போனபோதுதான், குழந்தைகளுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போதெல்லாம் அழுது திமிறும் குழந்தையை இறுகப் பிடித்துக்கொள்ள மௌஷியையே கூப்பிடுவது அந்தப் பிரிவின் பழக்கமாகிவிட்டது எனக்குத் தெரிய வந்தது. ஊழியரைக் கொண்டு அடிக்கடி பிடிக்கச் சொல்லக் கூடாது, குழந்தையின் உறவினர் ஒருவருக்கு ஈய அங்கி அணிவித்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எண் சிறியதுதான், அபாயம் என்று சொல்லத் தக்கதன்று. ஆயினும் ஒரு தவறான பழக்கத்தின் தடயம் அந்தச் சிறிய எண்ணுக்குள் ஒளிந்திருந்தது. வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்த்துக் கோப்பில் வைக்கிற கண்ணுக்கு அது அகப்படவே அகப்படாது. வரம்புக்குள் இருந்தால் போதும் என்பது எங்கள் சாஸ்திரத்தின் கொள்கையும் அன்று. நியாயமாக எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பதே கொள்கை. அதற்கு அணிந்தவருடைய வாய்மொழி வேண்டும். அதைப் பெற வேண்டுமானால் அவருடைய எண்ணை முதலில் அவருக்குச் சொல்ல வேண்டும்.

சொல்லாமல் விட்டால் என்ன நேருகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். எண் அதிகமாக வந்தால் வேலை போய்விடும் என்று எண்ணி பேட்ஜை மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்துவிட்டு வேலை செய்கிற டெக்னீஷியன் உண்டு. அறிக்கையில் அவருக்குப் பூஜ்யம் வரும். அங்கியோடு சேர்த்து பேட்ஜையும் எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் உண்டு. அவர் இல்லாத நேரத்துக் கதிரையெல்லாம் அது குடித்துவிட்டு, பிறகு அவர்மீது விசாரணையைக் கொண்டுவரும். இருவரும் அசிரத்தைக்காரர்கள் என்று நிர்வாகத்தார் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்குப் பிரயோஜனம் என்று ஒருபோதும் காட்டப்படாத ஒரு பொருளை ஒருவர் பேணிக் காப்பார் என்று எதிர்பார்ப்பதே பிழை.

இதைவிட வருத்தம் தரும் விஷயம் ஒன்று. கருவுற்ற பெண் ஊழியர் அதைத் தெரிவித்தால், அன்று முதல் பிரசவம் வரை வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி அவருடைய வேலையை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. விதி அவருக்குத் துணையாகவே எழுதப்பட்டது. ஆனால் நான் பணியாற்றிய ஓரிடத்தில் ஒரு நர்ஸ் ஐந்தாம் மாதம் வரை அதை மறைத்தார். தெரிவித்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். இருதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேபில், சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே யந்திரத்துக்கு அருகே, சிதறு கதிர் மிகுதியாக வருகிற பக்கத்தில் நின்று அவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பேட்ஜில் கவலைக்குரிய அளவு ஒன்றும் இல்லை, குழந்தையும் நன்றாகவே பிறந்தது. எனினும் அந்த நான்கு மாதங்கள் அந்தப் பெண் மனத்தில் சுமந்த பயத்தை அளக்க எங்களிடம் வில்லை ஏதும் இல்லை. அவருக்கு விதியை அவருடைய பாஷையில் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஒப்பந்த ஊழியர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இப்போது ஆஸ்பத்திரிகளில் மாமாக்களும் மௌஷிகளும் பெரும்பாலும் ஏஜென்ஸி மூலமாக வருகிறார்கள். ஆறு மாதத்தில் ஆள் மாறிவிடுகிறார். பேட்ஜுக்கு எழுதிப் போட்டு அது வந்து சேருவதற்குள் அவர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். இருபது வருஷம் பத்து இடங்களில் எக்ஸ்ரே அறைகளில் உழைத்த ஒருவருக்குத் தொடர்ச்சியான கணக்கு எதுவும் இல்லாமல் போவது சாத்தியம். பெரிய டாக்டருடைய பேட்ஜ் நம்பரைவிட அவருடையதை நாம் அதிக ஜாக்கிரதையாகத் தொடர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

“இதையெல்லாம் அவர்களிடம் சொன்னால் வீணாகப் பயப்படுவார்கள்” என்று நிர்வாகிகள் சொல்வதுண்டு. பயம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் பேசாமல் இருப்பதால்தான் அது வளர்கிறது. அறியாமையால் வந்த கேடுகளையோ உலகம் கண்டிருக்கிறது. 1987 செப்டம்பரில் பிரேஸில் தேசத்து கோயானியா நகரில், கைவிடப்பட்ட கிளினிக் ஒன்றிலிருந்த சீசியம் யந்திரத்தைப் பழைய இரும்பு என்று எடுத்துப் போய் உடைத்தார்கள், உள்ளே நீல நிறமாக ஒளிர்ந்த பொடியை அதிசயப் பொருளென்று உறவினருக்கெல்லாம் பங்கிட்டார்கள், நால்வர் இறந்தனர். 2010 ஏப்ரலில் நம் டில்லியிலேயே, பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய கோபால்ட் யந்திரம் மாயாபுரி காயலான் கடைகளுக்குப் போய் உடைபட்டு, ஓர் ஊழியர் உயிரிழந்தார். கோபால்ட்-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகக் குறைவது. இருந்தும் பல காலம் உபயோகமின்றிக் கிடந்த பிறகும் அதில் கொல்லும் வீரியம் எஞ்சியிருந்தது. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் இந்த நகரத்தின் கழிவுப் பொருள்களைப் பிரித்துப் பிழைக்கும் நம் ஜனங்களை நினைத்தபோது அந்தச் செய்தி எனக்கு வெகுதூரத்துச் செய்தியாகப் படவில்லை.

மூன்று இதழ் கொண்ட எச்சரிக்கைச் சின்னத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரியும் என்று விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பினார்கள். அநேகருக்கு அது விசிறியாகவோ பூவாகவோதான் தெரிந்தது. ஆகவே சர்வதேச அணுசக்தி முகமை பதினொரு தேசங்களில் சாமானிய ஜனங்களிடம் காட்டிக் கேட்டுப் பார்த்து, 2007-இல் சிவப்புப் பின்னணியில் மண்டையோட்டையும் ஓடுகிற மனிதனையும் சேர்த்து, அபாயம் மிகுந்த யந்திரங்களுக்கென்று புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டது. படிப்பாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறி, அதைத் தொடப் போகிறவனுக்கு எட்டவில்லை என்பதை ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அது. அதே பெருந்தன்மையை நம் ஆஸ்பத்திரிகளின் காலாண்டு அறிக்கையிலும் நான் கேட்கிறேன்.

நான் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. அறிக்கை வந்த வாரத்தில் பாதுகாப்பு அதிகாரி ஒவ்வொரு ஊழியரையும் நேரில் பார்த்து, அவருடைய எண்ணை மராத்தியிலோ தமிழிலோ ஹிந்தியிலோ, அவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லி, ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுக்க வேண்டும், அந்தச் சீட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கும் அவரோடு போக வேண்டும், சொன்னதற்கு அடையாளமாக அவருடைய கையொப்பமோ ரேகையோ கோப்பில் இருக்க வேண்டும், பரிசோதகர் வந்தால் கோப்போடு நில்லாமல் மௌஷி ஒருவரை அழைத்து, “உங்கள் எண் என்ன?” என்று கேட்க வேண்டும். இதற்கு அதிகாரிக்கு நேரம் வேண்டும். காலை முதல் மாலை வரை நோயாளிகளின் சிகிச்சைக் கணக்கில் மூழ்கியிருப்பவர் தலையிலேயே பாதுகாப்புப் பதவியையும் பெயரளவுக்குச் சுமத்துகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. காலாண்டுக்கு இரண்டு நாள் அவரை இந்த வேலைக்கென்று விட்டுவிட ஒரு நிர்வாகம் மறுக்குமானால், அந்த அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிப்பதற்கு முன் வாரியம் ஒரு முறை யோசிக்கலாம்.

நான் அந்த ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் எக்ஸ்ரே பிரிவின் வழியாகப் போனேன். இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தம்பதி நின்றார்கள். டெக்னீஷியன் வழக்கம்போல மௌஷியைக் கூப்பிட்டார். மௌஷி ஆணியிலிருந்த ஈய அங்கியை எடுத்துக்கொண்டு வந்து, தாயிடம் தாழ்ந்த குரலில் மராத்தியில் ஏதோ கேட்டார். அந்தப் பெண் வெட்கத்தோடு தலையசைத்தாள். மௌஷி அங்கியைத் தகப்பனிடம் நீட்டினார்.