காற்றோடு திரும்பும் விமானம்

சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. அதன் ஓடுபாதை தென்மேற்கு–வடகிழக்காகக் கிடக்கிறது. ஆடிக்காற்றை எதிர்த்து ஏறும் ஒரு சிறு பயிற்சி விமானம், பிறகு வளைந்து திரும்பினால் எதிர்க்காற்று பின்காற்றாகிவிடும். அப்போது விமானம் வேகம் இழந்து கீழே அமிழும் என்ற நம்பிக்கை விமானிகளிடையே நெடுங்காலமாக உண்டு. காற்று சீராக வீசும்வரை அப்படி நடக்காது.

கருவி காட்டும் ஏர்ஸ்பீடு, சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். இறக்கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஏர்ஸ்பீடு மணிக்கு 160 கிலோமீட்டர், காற்று 40 என்றால், தரையைப் பொறுத்த வேகம் எதிர்க்காற்றில் 120, பின்காற்றில் 200. திருப்பம் முழுவதும் ஏர்ஸ்பீடு 160-லேயே நிற்கும். ஒகேனக்கல்லில் ஆற்றோடு மிதந்துபோகும் பரிசலைச் சுற்றி நீந்துகிறவருக்கு எந்தப் பக்கமும் ஒரே பாடுதான். கரையில் நிற்பவர் கண்ணுக்கு மட்டுமே அவர் ஒருபுறம் விரைந்தும் மறுபுறம் தயங்கியும் தெரிவார்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். 120-லிருந்து 200-க்குப் போக ஆற்றல் வேண்டாமா? வேண்டும், அதே விமானத்தை 100 மீட்டர் உயரம் தூக்கப் போதுமான ஆற்றல் அது. அதைத் தருவது காற்றுதான். திரும்பும்போது இறக்கை சாய்கிறது. தூக்குவிசையின் ஒரு பகுதி பக்கவாட்டில் இழுக்கிறது. காற்று விமானத்தை ஒதுக்கிக்கொண்டே போவதால், அந்த இழுவிசை தரைமேல் செல்லும் பாதைக்குச் செங்குத்தாக நிற்பதில்லை. பாதையின் திசையிலும் கொஞ்சம் தள்ளுகிறது. கணக்கு மிச்சமின்றித் தீர்ந்துவிடுகிறது. எஞ்சினுக்குக் கூடுதல் வேலை இல்லை.

அப்படியானால் விபத்துகள் ஏன்? தாழப் பறக்கும்போது மரமும் வீடும் விரைந்து பின்னோடுவதைக் கண்டு, வேகம் மிஞ்சிவிட்டதென்று விமானி எஞ்சினைக் குறைக்கிறார், மூக்கைத் தூக்குகிறார். உண்மையான ஏர்ஸ்பீடு அப்போதுதான் சரிகிறது. இறக்கை தூக்குவிசை இழந்து ‘ஸ்டால்’ ஆகிறது. திருப்பமும் எதிர்பார்த்ததைவிட அகலும். அரைவட்டத்துக்கு ஒரு நிமிடம் ஆனால், அதற்குள் காற்று விமானத்தைச் சுமார் 670 மீட்டர் தள்ளிவிட்டிருக்கும். எதிரே மலை இருந்தால் அந்தத் தூரம் மிகப் பெரிது.

ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. கருவி 160 காட்டினால் மெய்யான வேகம் 173-ஐ ஒட்டி இருக்கும், வளைவும் அதற்கேற்ப விரியும். அதைவிட முக்கியம், மலையருகே காற்று சீராக வீசுவதே இல்லை. தென்மேற்குச் சரிவில் முட்டி மேலேறும் காற்று, உச்சியைத் தாண்டி வடகிழக்கில் சுழன்று இறங்குகிறது. சில நொடிகளில் காற்றே மாறினால் விமானத்தின் நிறை உடனே ஈடுகொடுக்காது. ஏர்ஸ்பீடு நிஜமாகவே விழும். மலைப்பக்கம் திரும்ப வேண்டிய நாளில் விமானி கணக்கில் கொள்ள வேண்டியது இந்த மாற்றத்தையே. காற்று முதுகுப்பக்கம் வந்துவிட்டதை அல்ல.